மதகுக் கணினியின் நேரம்

ஐதலால் மாஜி ஆற்றோடு போன மூன்றாவது நாள், இன்ஸ்பெக்டர் புடாதோக்கி இரண்டு தாள்களோடு எங்கள் மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். மதகை இயக்கும் இந்திரகலா அக்காவின் முன்னால் அவற்றைப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வரியின் அடியில் நகத்தால் கீறினார்.

"படிங்க."

மதகு திறந்தது பகல் 1.10. சைரன் ஊதியது 1.15.

"தண்ணிய விட்டுட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஊதியிருக்கீங்க."

"இல்ல சார். ஊதிட்டு பத்து நிமிஷம் நின்னுதான் திறந்தேன். பதினோரு வருஷமா அப்படித்தான் செய்றேன்."

"மனுஷன் பொய் சொல்லுவான். மெஷின் எதுக்கு சொல்லணும்?"

வெளியே கம்பிக் கதவுக்கு அப்பால் மாஜி மீனவர் குடியிருப்பே திரண்டு நின்றது. ஐதலாலின் மனைவி சுக்மாயா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய அண்ணன் ராஜ்மான், அன்று கரையில் கூடவே இருந்தவர். தண்ணீர்தான் முதலில் வந்தது, சைரன் பிறகுதான் கேட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது கணினியும் அதையே சொன்னது. நாலு மணிக்கு வேன் வரும், அக்காவை மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுபோவோம் என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா என் பக்கம் திரும்பினார். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான்.

"தில்குமார், நான் அப்படிச் செய்வேனா?"

"மாட்டீங்க அக்கா."

"அப்ப அந்தப் பேப்பர்ல ஏன் அப்படி இருக்கு?"

பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்தேன். மணி மூன்றேகால்.

தாள்கள் இரண்டும் வேறு வேறு கணினியிலிருந்து வந்தவை என்பது அப்போதுதான் உறைத்தது. மதகுக்கு ஒன்று, சைரனுக்கு ஒன்று. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டும் ஒரே நேரத்தில் பார்த்த சம்பவம் ஏதாவது வேண்டும். கரண்ட் போனால் இரண்டுமே எழுதி வைக்கும். போன வெள்ளிக்கிழமை போயிருந்தது. தேடினேன். சைரன் கணினியில் 11.42. மதகுக் கணினியில் 11.27.

பதினைந்து நிமிட வித்தியாசம். போன மாதத்து மின்வெட்டைத் தேடினேன். இரண்டிலும் 6.08.

அப்படியென்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. என்னவென்று பராமரிப்புக் கோப்பைத் திறக்கும் முன்பே எனக்கு நினைவு வந்துவிட்டது. மதகுக் கணினியின் உள்கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோய், எல்லைக்கு அப்பால் இந்தியாவில் இருக்கும் சிலிகுரியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து மாற்றினார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்திருக்கிறார். அது இந்திய நேரம். எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் நாட்டு நேரம் அதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. அந்தத் திரையில் மதகின் உயரம் மட்டும்தான் தெரியும். மணியை அதில் யாரும் பார்ப்பதில்லை.

அக்கா மதகைத் திறந்தது 1.25-க்கு. சைரனுக்குச் சரியாகப் பத்து நிமிடம் கழித்து.

கோப்பில் பேட்டரி மாற்றிய அன்றைய தாளும் இருந்தது. 'நேரம் சரிபார்க்கப்பட்டது.' அதற்குக் கீழே என் கையெழுத்து. அன்று பஜாருக்குப் போகும் ஜீப் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பார்க்காமலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

ஒற்றைத் தாள். கிழித்துப் பையில் போட்டுக்கொண்டால், கடிகாரம் தானாகக் கெட்டது என்று சொல்லிவிடலாம். மடித்துக்கூடப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா தன் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, மகளிடம் கொடுக்கச் சொல்லிக் காவலாளியிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

தாளோடு எழுந்து போனேன்.

இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கூட வேலை பாக்குற அக்காவைக் காப்பாத்த நல்லாத்தான் கதை கட்டுறீங்க."

"கதை இல்ல சார். இப்பவே காட்டுறேன். வெளியில இருக்கிறவங்களையும் கூப்பிடுங்க. அவங்களும் பாக்கட்டும்."

ராஜ்மானும் சுக்மாயாவும் உள்ளே வந்து கதவோரம் நின்றார்கள். நான் மெயின் சுவிட்சில் கை வைத்தேன்.

"உங்க வாட்ச்ல மணி என்ன சார்?"

"மூணு நாப்பத்தொண்ணு."

இறக்கினேன். விளக்குகள் அணைந்தன. பேட்டரியில் ஓடிய இரண்டு திரைகள் மட்டும் பச்சையாக எரிந்தன. சைரன் கணினியில் புதிய வரி விழுந்தது: 3.41. இன்ஸ்பெக்டரை மதகுக் கணினிப் பக்கம் கூட்டிப்போய்ப் பதிவைத் திறந்தேன். குனிந்து பார்த்தார்.

"மூணு இருபத்தாறு," என்று மெதுவாகப் படித்தார்.

"அது தப்பு நேரம். சரியா இருக்குன்னு எழுதினவன் நான்தான்." தாளை அவர் கையில் கொடுத்தேன்.

பின்னாலிருந்து ராஜ்மானின் குரல் வந்தது.

"சைரன் கேட்டுச்சு."

சுக்மாயா திரும்பினாள்.

"முன்னாடியே கேட்டுச்சு. தம்பி மேல ஏறி வந்துட்டான். வலை கீழ கிடக்கு, புது வலைடா, நேரம் இருக்கு எடுத்துட்டு வந்துருன்னு நான்தான் சொன்னேன்." சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் சரிந்தார். "அதை எப்படி எழுதிக் கொடுப்பேன்?"

சுக்மாயா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வலைக்கா மச்சான்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

நாலு மணிக்கு வேன் வந்து, வெறுமனே திரும்பிப் போனது. எனக்கு இரண்டு மாதம் தற்காலிகப் பணிநீக்கம், அதன்பின் தராய்ச் சமவெளியில் ஒரு துணைமின்நிலையத்துக்கு மாற்றல்.

ஐந்தாம் நாள், இரண்டு வளைவு தாண்டி மணல்மேட்டில் ஐதலால் கிடைத்தான். ஆற்றங்கரையில் எரித்தபோது அக்காவும் போனார், நானும் போனேன். ராஜ்மான் தலையை மழித்துக்கொண்டு தனியாக நின்றார். குடியிருப்பில் யாரும் அவருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுக்மாயாதான் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

திரும்பும் வழியில் அக்கா தொங்குபாலத்தில் ஏறும்போது நின்றார்.

"அந்தத் தாளை நீ கிழிச்சிருக்கலாம். கிழிக்கலை. அது எனக்குத் தெரியும்."

"அக்கா..."

"ஆனா அன்னிக்கு அந்தப் பேப்பரப் பாத்ததும், தில்குமார், ஒரு உசிர நான்தான் கொன்னுட்டேனோன்னு நானே நம்பிட்டேன். அதை என்ன செய்யப் போறேன்னு எனக்குத் தெரியல."

பாலம் ஆடியது. அவர் முன்னால் நடந்தார்.