ஒரு தொட்டிக்கு மூன்று தலைவர்கள்

எங்கள் வகுப்பில் யாருக்கு ரெஸ்யூம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் தலைகால் புரியாத பெருமை. "செஞ்சேன்னு எழுதாதே, தலைமை தாங்கினேன்னு எழுது" என்பேன், ஏதோ மந்திரம் ஓதுவதுபோல.

விடுதித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியாமலிருக்க நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு அலாரம் செய்திருந்தோம். நெட்டையன், கண்ணாடிக்காரி, ஆமை, நான். நெட்டையனின் தாளில் "நால்வர் குழுவுக்குத் தலைமை தாங்கினேன்" என்று நானே அடித்துக் கொடுத்தேன். கண்ணாடிக்காரிக்கும் அதே வரி. எனக்கும் அதேதான். ஆளுக்கொரு கம்பெனிக்குத்தானே போவோம் என்ற நினைப்பு. ஆமை மட்டும் முரண்டு பிடித்தான்.

"நான் தலைமை தாங்கலையே."

"அப்போ வீட்டுல உக்காந்து ஈ ஓட்டு" என்று எரிந்து விழுந்தேன்.

கடைசியில் நாங்கள் நால்வரும் போய் நின்றது ஒரே கம்பெனியின் நேர்காணல் அறை வாசலில். அந்த வருடம் எங்கள் கல்லூரிக்கு ஆளெடுக்க வந்த கடைசிக் கம்பெனி. இருந்தது ஒரே ஒரு இடம். இதுவும் போனால் மாமாவின் பாத்திரக்கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

முதலில் உள்ளே போன நெட்டையன் பேயறைந்த முகத்தோடு வெளியே வந்தான். அடுத்து போன கண்ணாடிக்காரி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

மேஜையில் எங்கள் தாள்கள் வரிசையாகக் கிடந்தன.

"ஒரு தொட்டிக்கு மூணு தலைவர்களா?" என்றார் நேர்காணல் நடத்திய அம்மா. சிரிக்கவில்லை. "வரிகூட அச்சு அசலா ஒண்ணா இருக்கு. யார் எழுதினது? அவங்க ரெண்டு பேரும் வாயே திறக்கல."

என்னுடையதைப் பார்த்து அவர்கள் எழுதிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாழாய்ப்போன வாய், அன்றைக்குப் பார்த்து யோக்கியமாக நடந்துகொண்டது.

"நான்தான் மேடம். மூணும் நான் எழுதினது. அவங்க மேல தப்பில்ல."

"அப்போ நிஜத்துல யார் தலைவர்?"

"யாரும் இல்ல."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் எழுதிக் குவித்தவளுக்கு, தன்னைப் பற்றி உருப்படியாக ஒரு வரி வரவில்லை. அவர் ஆமையின் தாளை எடுத்துப் படித்தார்.

"'ஆறு முறை தொட்டிக்குள் இறங்கி சென்சாரை மாற்றினேன். ஐந்து முறை தவறியது. காரணங்களைக் குறித்து வைத்தேன். மொட்டைமாடிச் சாவியைத் தர மறுத்த வார்டனிடம் தினமும் வாதாடி வாங்கித் தந்தவள் என் தோழி. சாவி இல்லையென்றால் இந்த வேலையே நடந்திருக்காது.' அந்தத் தோழி நீங்களா?"

தலையாட்டினேன்.

"ஏன் எழுதல?"

"அதெல்லாம் ஒரு வேலையான்னு விட்டுட்டேன் மேடம்."

நான்கு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். ஆமை ஒருவனுக்குத்தான் வேலை. பொய் சொல்வானேன், எனக்கு வயிறு எரிந்தது. அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. அப்பா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நான் போனை எடுக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, அந்தத் தலைமை வரியை அழித்தேன். ஆமை சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டேய், வார்டன்கிட்ட நான் எத்தனை நாள் சண்டை போட்டேன்? மூணா, நாலா?"

அவன் பையிலிருந்து நோட்டை எடுத்து, நிதானமாகப் புரட்டினான்.

"ஒன்பது" என்றான்.