மரத்துக்குக் கட்டிய மஞ்சள் துணி

மரம் ஏறுகிறவர் என் வீட்டுக்காரர் அய்யாவு. கீழே கயிற்றைப் பிடிக்கிறவள் நான், பவுனம்மாள். கடல் தாண்டிப் பிழைக்க வந்த இந்தப் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தொழில் என்றால் அவ்வளவுதான். துரைமார் பங்களாக்களில் கிளை கழித்து நன்றாகவே இருந்தோம். கித்தா என்கிற ரப்பர் விலை விழுந்ததும் பாதி துரைகள் சீமைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் மரம் எப்படி வளர்ந்தால் நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். எங்கள் அடுப்பில் பூனை தூங்கியது.

இனியும் வேலை வராவிட்டால், வேலையில்லாதவர்களைச் சர்க்கார் ஊருக்குத் திருப்பி அனுப்பும் இலவசக் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிடுவது என்று பேசிவைத்திருந்தோம். எனக்கு மனமே இல்லை. ஊரில் எங்களுக்கென்று ஒரு குடிசைகூடக் கிடையாது.

அந்த நேரத்தில்தான் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி ரெங்கசாமி கூப்பிட்டனுப்பினார். அவர் வீட்டு வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் சருகாகக் கொட்டி, கூரைத் தண்ணீர் போகும் தகரத்தை அடைத்து, மழை வீட்டுக்குள்ளேயே பெய்கிறதாம்.

"அடியோட வெட்டிரு அய்யாவு" என்றார்.

கிளை அல்ல, முழு மரம்! கப்பல் தள்ளிப்போயிற்று என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் மரத்துக்குச் சொல்லிவிட வேண்டும். என் பழைய சேலையைக் கிழித்து மஞ்சளில் நனைத்து, மரத்தில் கட்டினேன். அவர் வெற்றிலை பாக்கு வைத்து, "இங்க குடியிருக்கிறவங்க வேற இடம் பாத்துக்குங்க, கோவிச்சுக்காதீங்க" என்று கும்பிட்டார். குருவியோ, பாம்போ, கண்ணுக்குத் தெரியாததோ, யாராக இருந்தாலும் சொல்லாமல் விரட்டக் கூடாது.

மறுநாள் அடைமழை. அதற்கடுத்த நாள் கோடாரியும் கயிறுமாகப் போனால், மரத்தடியில் கூட்டம்! எலுமிச்சம்பழம், குங்குமம், ஒரு சூலம் வேறு. துணியைப் பார்த்த எவனோ, முனியாண்டி சாமி வந்து இறங்கிவிட்டார் என்று கிளப்பிவிட்டிருக்கிறான். வேலையில்லாத ஊரில் சேதி பரவக் கேட்க வேண்டுமா? என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கிராணி வியர்த்துப்போய் ஓடி வந்தார். "நீ மரத்தோடயே கிடக்கிறவன். உள்ளதைச் சொல்லு. சாமி இருக்குதா, இல்லையா? இல்லேன்னா இப்பவே வெட்டு."

துணி எங்களுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லும்படி நான் என் வீட்டுக்காரர் முழங்கையை இடித்தேன்.

அப்போது முன்னால் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். மேரு என்கிற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆள், நாகையா. கைக்குழந்தையோடு பெண்சாதி பக்கத்தில் நின்றாள்.

"தோட்டத்துல ஆள் குறைச்சு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க அண்ணே. ராத்திரியே வெளிய வந்துட்டோம். முனியாண்டிதான் ஒரு வழி காட்டணும்."

குருவிக்குக்கூட நாங்கள் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்கிறோம். இவர்களுக்கு அதுகூட இல்லை. இருந்தாலும், என் வீட்டுக்காரர் உள்ளதைச் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் நான் நின்றேன். நான் பொய் சொல்வானேன்?

அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டார். "இதுல நான் கை வைக்க மாட்டேன் கிராணியாரே."

வீடு வரும்வரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "பெரிய தர்மராசா! நல்ல மனசு சோறு போடுமா?"

"போடாதுதான்" என்றார். அதற்கு மேல் நான் எப்படி ஏசுவது?

மறுநாள் காலையில் கப்பலுக்குப் பெயர் கொடுக்கப் புறப்பட்டோம். கிராணி வீட்டுத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். மரத்தடிக்கு இன்னும் யாரும் வரவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனார். நான் நின்றேன்.

என் கிழிந்த சேலைதான். கரைகூடத் தெரிந்தது. நான் நனைத்த மஞ்சள், நான் போட்ட முடிச்சு. எல்லாம் தெரிந்தும் என் கை தானாகக் குவிந்தது.

"முனியாண்டி, போறதுக்குள்ள வெட்டுறதுக்கு வேற ஒரு மரம் காட்டுப்பா" என்று கேட்டேன்.