துணைக்கு வந்த தாய்

ரூபே என்ற பிரெஞ்சு நகரத்து ஆரம்பப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை ஒதில் வெர்மேர்ஷ். கண்டிப்புக்குப் பேர் போனவர். புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருத்தி கழுத்தில் சிலுவை தெரிய வந்தபோது, வகுப்புக்குள் நுழையும் முன்பே கழற்றி வைக்கச் சொன்னவர்.

ஹஸ்னாவுக்கும் அவருக்கும் ஆகாது. போன செப்டம்பரில் ஹஸ்னா அதே பள்ளியில் உதவியாளர் வேலை கேட்டுப் போயிருந்தாள். அவள் மகள் ரீம் அங்கேதான் படிக்கிறாள்.

"நீங்க இந்த வேலைக்குப் பொருத்தமானவங்கதான். ஆனா இது அரசாங்க வேலை, மத அடையாளம் எதுவும் கூடாதுன்னு சட்டம். முக்காட்டைக் கழட்டணும்," என்றார் வெர்மேர்ஷ்.

"என்னால முடியாது, மேடம்."

"அப்ப நான் சிபாரிசு பண்ண முடியாது."

அன்றிலிருந்து பள்ளி வாசலில் அவரைப் பார்த்தால் ஹஸ்னா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "நம்ம ஆளுங்களைக் கண்டாலே அந்தம்மாவுக்கு ஆகாது," என்று கணவன் முராதிடம் சொல்லிச் சொல்லி, அதுவே அவளுக்கு உறுதியாகிவிட்டது.

மே மாதம் ரீமின் வகுப்பைக் கடல்நாய் பார்க்க பெர்க் கடற்கரைக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. துணைக்குப் பெற்றோர் போதவில்லை, ஆள் கிடைக்காவிட்டால் பயணம் ரத்து என்றார்கள். ஹஸ்னா பேர் கொடுத்தாள். பாதி மகளுக்காக, பாதி வீம்புக்காக.

"வேணும்னே வம்புக்குப் போறியா?" என்றான் முராது.

"போகல. அவங்க வேண்டாம்னு சொல்லட்டும், அப்புறம் பேசிக்கிறேன்."

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

புறப்படும் காலையில், பேருந்துப் படியை மறித்துக்கொண்டு தெல்போர் என்பவர் நின்றார். கப்யூசின் என்ற சிறுமியின் அப்பா. ஹஸ்னாவின் முக்காட்டைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியையிடம் திரும்பினார்.

"இந்தம்மா இப்படியேவா வர்றாங்க? மதச்சார்பின்மைன்னு சுவத்துல பெருசா ஒட்டி வெச்சிருக்கீங்களே, அது பஸ்ஸுக்குக் கிடையாதா?"

ஹஸ்னா ஒரு அடி முன்னால் வந்தாள். வெர்மேர்ஷுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஒரு வாரமாக மனசுக்குள் தீட்டி வைத்திருந்தாள்.

"உண்டு," என்றார் வெர்மேர்ஷ். "எனக்கு உண்டு, ஆசிரியைக்கு உண்டு, பிள்ளைங்களுக்கும் உண்டு. இவங்க எங்க ஊழியர் இல்ல, ஒரு பிள்ளையோட அம்மா. பிள்ளைங்க கிட்ட மதப் பிரசாரம் பண்ணினா இறக்கி விடுவேன். தலையில துணி போட்டிருக்காங்கன்னு இறக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"நீங்களும் அவங்க பக்கம் சேந்துட்டீங்களா?"

"நான் யார் பக்கமும் இல்ல. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"மேலிடத்துல புகார் கொடுப்பேன்."

"தாராளமா. யாருக்குக் கொடுக்கணும்னு தெரியலைன்னா சாயங்காலம் வாங்க, நானே சொல்றேன்."

"எம்பொண்ணை அனுப்ப மாட்டேன்னா?"

"அது உங்க இஷ்டம். ஆனா கடல்நாய்க்கு என்ன பேர் வைக்கலாம்னு அவ வகுப்பையே ரெண்டு கட்சியாப் பிரிச்சு வெச்சிருக்கா. நீங்களே அவகிட்டச் சொல்லிடுங்க."

பின்னால் நின்ற தாய்மார்கள் சிரித்துவிட்டார்கள். தெல்போர் படியிலிருந்து கையை எடுத்தார். தீட்டி வைத்த பதிலுக்கு வேலையே இல்லாமல் போக, ஹஸ்னா ஏறி உட்கார்ந்தாள். வழியில் கப்யூசினுக்குக் குமட்டியது. வாந்திப் பையைப் பிடித்தது ஹஸ்னாதான். வேறு யாரும் பக்கத்தில் வரவில்லை.

கடற்கரையில் காற்று ஆளைத் தள்ளியது. மணல்திட்டில் கடல்நாய்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. பிள்ளைகள் தொலைநோக்கிக்கு அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வெர்மேர்ஷ் ரொட்டிப் பொட்டலத்தோடு ஹஸ்னாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"செப்டம்பர்ல என்னை வேண்டாம்னீங்க," என்றாள் ஹஸ்னா.

"ஆமா. நாளைக்கு அதே வேலைக்கு வந்தாலும் அதையேதான் சொல்வேன்."

"அப்ப காலைல எதுக்கு எனக்காகப் பேசினீங்க?"

"உங்களுக்காகப் பேசல. சட்டத்தைச் சொன்னேன். உங்க முக்காடு எனக்குப் பிடிக்காது. பாதிரி பேச்சைக் கேட்டே எங்கம்மா வாழ்க்கை முடிஞ்சுபோச்சு, அதனால எந்த மதத்தோட துணியும் எனக்குப் பிடிக்காது. ஆனா என் பிடித்தம் சட்டமாயிடுமா? மதத்தைப் பத்தி அரசாங்கம்தான் வாயை மூடிட்டு இருக்கணும். ஜனங்க ஏன் மூடணும்?"

"வேலை விஷயத்துல நீங்க செஞ்சது நியாயம்னு எனக்கு இன்னும் தோணல."

"தோண வேண்டாம். கோர்ட் இருக்கு, ஓட்டு இருக்கு. சண்டை போடுங்க."

ஹஸ்னா கடலைப் பார்த்தாள். இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, சமயம் வரும்போது செருப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டவர்கள் பலரை அவளுக்குத் தெரியும். இந்த அம்மாள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, குனியவும் இல்லை. பிடிக்காத ஒருத்தியின் உரிமைக்காக ஊர் முன்னால் நிற்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் வீம்பே சின்னதாகத் தெரிந்தது.

தெல்போர் சொன்னபடியே புகார் கொடுத்தார். வெர்மேர்ஷ் லில் நகரத்துக்குப் போய் அதிகாரிகள் முன் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. தப்பொன்றும் நடக்கவில்லை என்று முடிவாயிற்று. இதையெல்லாம் வகுப்பாசிரியை சொல்லித்தான் ஹஸ்னா தெரிந்துகொண்டாள். வெர்மேர்ஷ் வாயே திறக்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் பெற்றோர் பிரதிநிதித் தேர்தலில் ஹஸ்னா நின்று ஜெயித்தாள். முதல் கூட்டத்திலேயே, பள்ளி மதியச் சாப்பாட்டில் பன்றிக்கறி போடும் நாளில் அதைச் சாப்பிடாத பிள்ளைகளுக்கு வேறொரு பதார்த்தமும் வேண்டும் என்று கிளப்பினாள்.

"கொடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல," என்றார் வெர்மேர்ஷ்.

"கொடுக்கக் கூடாதுன்னும் இல்லையே, மேடம். பட்டினி கிடக்குற பிள்ளையை நீங்க ஒரு நாள் உக்காந்து பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல," என்றார் வெர்மேர்ஷ். "சமையல் நகராட்சி பொறுப்பு. நீங்க சொன்னது அங்க போகும்."

கூட்டம் முடிந்து நடவடிக்கைக் குறிப்பை அவளிடம் நீட்டினார். "நீங்க சொன்னபடியே இருக்கான்னு பாருங்க."

அவரைக் குத்திக் கேட்ட அந்தக் கேள்வியும், "பார்த்ததில்லை" என்ற அவர் பதிலும், ஒரு வார்த்தை குறையாமல் அதில் இருந்தன. ஹஸ்னா பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.