வெள்ளை முடிச்சு

லிவர்மோரில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியின் பசுமைக்குடிலுக்குள் நுழைந்த வான்மதி நேராகத் தன் செடித் தட்டுகளிடம் போனாள். போன வாரம் மஞ்சளடித்துக் கிடந்த தட்டைப்பயறுச் செடிகள் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றன.

ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தை அளவோடு ஊற்றினால் வேரிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்து கூடுதலாக நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்குமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இது அமிலம் மிஞ்சிப்போன தட்டு. பாக்டீரியா செத்திருக்க வேண்டும். பிறகு இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

ஒரு செடியைப் பிடுங்கி, வேரிலிருந்த முடிச்சை நகத்தால் கிள்ளினாள். பாக்டீரியா வேலை செய்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். இது வெள்ளையாக இருந்தது.

முதலாளி மகாதேவன் காபியோடு உள்ளே வந்தார்.

"யூரியா போட்டீங்களா?" என்று கேட்டாள் வான்மதி.

"கொஞ்சம்தான். விசாலாக்ஷி மேடம் இப்ப விசிட்டுக்கு வர்றாங்க. மஞ்சளா இருந்தா யாரு இன்வெஸ்ட் பண்ணுவா? நீங்க எதுவும் எக்ஸ்ப்ளெய்ன் பண்ண வேண்டாம்." பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, "உங்க க்ரீன் கார்டு அடுத்த வாரம் ஃபைல் பண்றோம்ல?"

வான்மதியின் கணவன் இளமாறனுக்கு வேலை போய்விட்டது. அவள் விசாவில்தான் வீடே நின்றது.

விதைக் கம்பெனி நடத்தும் விசாலாக்ஷி வந்ததும் நேராகப் பச்சைத் தட்டுக்குப் போனார். "இந்த டோஸையே எங்க விவசாயிங்களுக்குக் கொடுத்துடலாமா?"

மகாதேவன் வான்மதியைப் பார்த்தார்.

"வேண்டாம் மேடம்," என்றாள் அவள். "இது யூரியா போட்டதால வந்த பச்சை. இந்த டோஸ்ல பாக்டீரியா செத்துடுது. ஃபீல்டுல போட்டா அவங்க பயிர் போயிடும்."

குறைந்த அளவு ஊற்றிய தட்டிலிருந்து சற்று வெளிறிய செடி ஒன்றைப் பிடுங்கி முடிச்சைக் கிள்ளினாள். உள்ளே இளஞ்சிவப்பு.

"இது மட்டும்தான் நிஜமா வேலை செய்யுது. பலன் கொஞ்சம்தான்."

விசாலாக்ஷி இரண்டு வேர்களையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, மகாதேவனை வெளியே கூட்டிப்போனார். வான்மதி கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கார் பார்க்கிங்கில் மகாதேவன் வந்து நின்றார்.

"குறைஞ்ச டோஸை ஒரு சீசன் ட்ரையல் பண்ணிப் பாக்கலாம்ங்கறாங்க. நீங்க ரன் பண்ணினாத்தானாம்."

"என் ஃபைலிங்?"

"பண்ணித்தானே ஆகணும்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

காரில் ஏறி உட்கார்ந்தாள். இளமாறனுக்கு ஃபோன் பண்ணினாள்.