டிரைவர் மனைவி சொன்னது

பேருந்து டிரைவரைச் சுட்டது ராணுவம் அல்ல, காட்டிலிருந்து இறங்கி வந்த பையன்கள்தான் என்று நிருபர் எழுதியிருந்தாள். கை காட்டிய இடத்தில் வண்டியை நிறுத்தவில்லை. அதற்காக மோட்டார் சைக்கிளில் துரத்தி வந்து, பயணிகள் பார்க்கப் பார்க்கச் சுட்டார்கள். டிரைவர் மனைவி அன்று அதே வண்டியில் இருந்தாள். நிருபரிடம் எல்லாவற்றையும் சொன்னவளும் அவள்தான். பெயர் போட வேண்டாம் என்றாள், நிருபர் போடவில்லை. ஆனால் 'முன் இருக்கையில் இருந்த பெண்' என்று செய்தியில் ஒரு இடத்தில் வந்துவிட்டது. பையன்களுக்கு அது போதும்.

செய்தி வெளியான அன்றே நிருபர் குடியிருந்த தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மளிகைக்கடைக்காரர் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டே சர்க்கரை தீர்ந்துவிட்டது என்றார். அவள் இருந்த அண்ணன் வீட்டுக் கதவில் யாரோ தாரால் 'துரோகி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"போக மாட்டேங்குது. உன் பிடிவாதம் மாதிரியே இருக்கு" என்று துணியை வீசி எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேர் செருப்போடு கூடத்துக்குள் வந்தார்கள். நடுவில் டிரைவர் மனைவி. மூவரில் ஒருவன் சுவர்க் கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகத் தலை வாரினான்.

"உட்காருங்க தம்பி" என்றான் அண்ணன்.

"இருக்கட்டும் சார். இந்த அக்காவுக்கு உங்க தங்கச்சிகிட்ட ஏதோ கேக்கணுமாம்."

டிரைவர் மனைவி முன்னால் வந்தாள். போன தடவை தன் வீட்டில் நிருபருக்கு 'வாங்கம்மா' என்று பாய் விரித்தவள்.

"நான் உங்கிட்ட என்னடி சொன்னேன்? மிலிட்டரிக்காரன் சுட்டான்னுதானே சொன்னேன்? ஏண்டி மாத்தி எழுதின? என் புருஷன் பொணத்த வச்சுப் பேர் வாங்கப் பாத்தியா?"

வாசலில் தெருவே கூடி நின்றது. நிருபரின் கையில் போன் இருந்தது. டிரைவர் மனைவி அழுதுகொண்டே சொன்னது மொத்தமும் அதில் பதிவாகியிருந்தது. ஒரு விரல் அழுத்தினால் போதும், யார் பொய் சொல்வது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

"என்னக்கா, ஏதாவது போட்டுக் காட்டணுமா?" என்றான் தலை வாரியவன் நிருபரிடம், சீப்பைப் பையில் சொருகிக்கொண்டே.

டிரைவர் மனைவி நிருபரின் முகத்தைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றாள் நிருபர்.

"வெளியில நிக்கறவங்களுக்குக் கேக்கல."

"நான் தப்பா எழுதிட்டேன்! இவங்க அப்படிச் சொல்லவே இல்ல!"

டிரைவர் மனைவி ஓங்கி ஒரு அறை விட்டாள். சொல்லிக்கொடுத்து அடித்த அறை அல்ல அது.

அவர்கள் போனதும் நிருபர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பதிவை அழித்தாள். மாலையில் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார்.

"மறுப்பு போடறோம், உன் பேரோட. இனிமே நீ பஸ், மார்க்கெட் நியூஸ் மட்டும் பாத்துக்கோ."

"சார், அந்தப் பதிவ நீங்களே கேட்டீங்களே."

"நான் எதையும் கேக்கலம்மா" என்று வைத்துவிட்டார்.

மறுப்பு வெளியானதும் ராணுவ ஜீப் வந்தது. முகாமில் அதிகாரி அவளுக்குத் தேநீர் வரவழைத்தார்.

"அந்தப் பொம்பளை பேசினது உன்கிட்ட இருக்கு. குடு. ரேடியோல போடறோம், ஊரே கேக்கட்டும்."

"அப்படி எதுவும் இல்ல சார். நானா எழுதினது."

"அவங்களுக்கு மட்டும்தான் பயப்படுவியா? நாங்க என்ன இளிச்சவாயன்களா?"

போனைக் குடைந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அவள் வலது கையை மேசை இழுப்பறைக்குள் வைத்து அறைந்து சாத்தினார்கள். இரண்டு விரல்கள் முறிந்தன. பதிவு இருந்திருந்தால் அந்த நொடியே தூக்கிக் கொடுத்திருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது.

கட்டு பிரித்த பிறகு, பேருந்துக் கட்டண உயர்வைப் பற்றி எழுத டிப்போவுக்குப் போனாள். அங்கே டிரைவர் மனைவி பெருக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் போனதற்குக் கொடுத்த வேலை. நிருபரின் கோணிப்போன விரல்களை ஒரு தரம் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கியா?"

"என்னை மன்னிச்சிருங்க."

"உன் மன்னிப்ப நீயே வச்சுக்க. உங்கிட்ட வாயத் திறந்ததுலேர்ந்து என் பிள்ளைங்க செருப்பக் கழட்டாம தூங்குதுங்க, எப்ப ஓடணுமோன்னு. இனிமே ஒருத்தர் வீட்டுக் கதவையும் தட்டாத. தள்ளு, குப்பை வருது."

அந்த வாரமே மருந்துக்கடைக்காரரைச் சீருடைக்காரர்கள் இழுத்துப்போனார்கள். யாரும் அனுப்பாமலே நிருபர் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவருடைய அப்பா திறந்தார். அவள் போனை வெளியே எடுக்கவில்லை.

"ஐயா, எங்கிட்டப் பேசினா உங்களுக்கு என்னென்ன வரும்னு முதல்ல சொல்லிடறேன். கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். கடைசிவரை கேட்டுவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைக்குப் போனாள். வளைந்த ஷட்டர், மிதிபட்ட மாத்திரை அட்டைகள், படியில் காய்ந்த ரத்தம். கண்ணால் கண்டதை மட்டும் இடது கையால் எழுதி, தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். ஆசிரியருக்கு என்ன தோன்றியதோ, அப்படியே வெளியிட்டார்.

"நான் பிள்ளைகுட்டிக்காரன். எங்களை விட்ரு" என்றான் அண்ணன், பேப்பரை மடித்தபடி.

அண்ணி அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். வாசல் வரை வரவில்லை.