பச்சைத்தண்ணீரில் பிசைந்த கறி

ஃபாஸ்ட் ஃபுட் கடையில் டாகோ என்ற மடித்த சோள ரொட்டிக்குள் வைத்துத் தரும் கறி, வீட்டில் வதக்கும் கொத்துக்கறியைப் போல உதிரியாக இருக்காது. குழைந்து, துணுக்குத் துணுக்காக மசாலா ஊறி இருக்கும். படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்த எனக்கு, அது எப்படி என்று கண்டுபிடிக்கும் வெறி பிடித்தது. எண்ணெயில் கிளறினால் கட்டிகட்டியாக நின்றது. மறுபடி அரைத்துப் போட்டால் ரப்பராக இழுத்தது. ஒருநாள் பச்சைக்கறியைச் சட்டியில் போட்டுத் தண்ணீரும் ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை என்பதைப் பார்த்தேன். சரி, கட்டியையாவது உடைப்போம் என்று கையால் பிசைந்தேன். கறி கூழாகக் கரைந்தது. மிளகாய்த்தூள், சீரகத்தூள், பூண்டுத்தூள், ஒரு பிடி ஓட்ஸ் மாவு. அதற்கப்புறம்தான் தீ.

அக்கா ஒரு வாய் தின்றுவிட்டுச் சட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கடைக்காரன் தோத்தான்டி, என் ஊமைக்கோட்டானே" என்றாள்.

அக்காவுக்குச் செருப்புக் கடையில் வேலை. பக்கத்துத் தெருவில் ஒருவர் புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறக்கிறாராம். நாம் இரண்டு பேரும் சேர்வோம், ஆட்களிடம் பேசுவது என் பாடு, சமையலறை உன் பாடு என்றாள். யாரிடமும் பேச வேண்டாத ஒரு வேலை. அதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லை. அதிலிருந்து நான் கறி பிசையும்போதெல்லாம் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, எட்டாம் நம்பர் காலை ஆறாம் நம்பர் செருப்பில் திணிக்கிறவர்களைப் பற்றிக் கதை சொல்லுவாள். நான் சிரித்துக்கொண்டே பிசைவேன்.

அந்தப் புதுக் கடைக்காரர் ருசி பார்க்க வீட்டுக்கே வந்தார். புது ஆளைப் பார்த்தால் உனக்கு வேர்த்துக் கொட்டும், நேரம் வரும்போது கூப்பிடுகிறேன் என்று அக்கா சொன்னாள். உண்மைதானே என்று நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். அம்மா தட்டை எடுத்துப் போனாள்.

அவர் சாப்பிட்டுவிட்டு, யார் செய்தது என்று கேட்டார்.

"நான்தான் சார்."

தங்கை ஒருத்தி இருக்கிறாளாமே, உதவிக்கு வருவாளா என்றார்.

"அவளா? ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்குவா சார். அடுப்படிப் பக்கமே வரமாட்டா."

அம்மா திரையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

என் கண்ணெதிரே ஒருமுறை செய்து காட்டு என்று அவர் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். இருவரும் உள்ளே வந்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. பற்றவைக்காத அடுப்பில் சட்டியை வைத்தாள். கறியைக் கொட்டிப் பச்சைத்தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள். அகப்பட்ட கட்டியைச் சட்டியின் ஓரத்தில் ஒதுக்கிக் கட்டைவிரலால் நசுக்கினாள். அது என் பழக்கம். அத்தனை நாளும் வாய் கதை சொல்ல, கண் என் விரலிலேயே இருந்திருக்கிறது.

"அது நான் கண்டுபிடிச்சது" என்றேன். சத்தம் வெளியே வந்துவிட்டது.

அவர் என்னையும் பார்த்தார், அக்காவின் கையையும் பார்த்தார். அவர் கண்ணால் கண்டது அக்காவின் கையைத்தானே.

"அக்காகிட்டயே கத்துக்கம்மா. நல்ல கைப்பக்குவம்" என்றார், அன்பாகத்தான்.

அக்கா மசாலாவைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சம்பளம் பேச இருவரும் கூடத்துக்குப் போனார்கள். போகிற போக்கில் என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் கிளறி விடுடி, அடிபிடிச்சுடப் போகுது" என்றாள்.

நான் கரண்டியைத் தொடவில்லை. தண்ணீர் வற்றியது. மசாலா வாசனை மெல்லத் தீய்ந்த வாசனையாக மாறியது. கூடத்தில் அம்மாவும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. யாரும் எழுந்து வரவில்லை. உள்ளேதான் நான் இருக்கிறேனே என்ற நம்பிக்கை.