பின்னிணைப்பில் பதினேழாம் வரிசை

என் ஆய்வு முன்மொழிவின் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில் என் மேற்பார்வையாளர் கந்தப்பன் சேர் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தார்: ‘பெற்றோரின் அக்கறையின்மை விடுபட்டுள்ளது. சேர்க்கவும். சான்று இடவும்.’ கடைசிப் பக்கத்தில் அவர் கையொப்பம் வைக்க வேண்டிய கோடு வெறுமையாக இருந்தது. திங்கட்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. மேற்பார்வையாளரின் கையொப்பம் இல்லாத முன்மொழிவு குழுவுக்குப் போகாது. போகாவிட்டால் கல்வி முதுமாணிக்காக நான் சனி, ஞாயிறு என்று பாராமல் நமுனுகுலவிலிருந்து பதுளைக்கு முதல் பஸ் பிடித்து வந்த இரண்டு வருடமும் வீண். அன்று சனிக்கிழமை, காலை எட்டரை மணி. நனைந்த குடையை நூலக வாசலில் சாய்த்துவிட்டு அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் பத்தாம் தரத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. காரணங்களைப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை. உயர்தரம் படிக்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாற வேண்டும். பெரிய பெண்பிள்ளைகள் போவதற்குக் கதவுள்ள மலசலகூடம் இல்லை. எல்லாம் நான் எட்டு வருடமாகக் கற்பிக்கிற பாடசாலையில் கண்ணால் காண்பவை. சேருக்கு அது போதவில்லை. எங்கள் அம்மா அப்பாவையும் குற்றப் பட்டியலில் ஏற்ற வேண்டுமாம்.

‘அக்கறையின்மை’ என்ற அந்தச் சொல்லை எனக்கு முன்பே தெரியும். போன வருடம் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் கேட்டு எங்கள் அதிபர் கல்விக் காரியாலயத்துக்குக் கடிதம் எழுதினார். ‘தோட்டப் பெற்றோரின் அக்கறையின்மை ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ள நிலையில், ஆளணியைப் பயனுள்ள பாடசாலைகளுக்கு ஒதுக்குவதே பொருத்தமானது’ என்று பதில் வந்தது. அதிபர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். அந்த வருடம் ஆசிரியரே இல்லாமல், யாரோ கொடுத்த பழைய கொப்பிகளைப் பார்த்துப் படித்து விஞ்ஞானத்தில் எழுபத்தெட்டுப் புள்ளி எடுத்த துஷாந்தினி இப்போது பண்டாரவளையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். கடைக்குப் போனால் என் கண்ணைப் பார்க்காமல் சேலையை விரித்துக் காட்டுகிறாள். ‘ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ள’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார்கள்.

அன்று காலை எங்களுக்கு நூலக ஆய்வுத் திறன் பயிற்சி. நடத்தியவள் உதவி நூலகர் றிஸ்னி, என்னைவிட நான்கைந்து வயது இளையவள். ஆய்வேடுகள் இருக்கும் பக்கத்தில் பேனாவைக் கண்டால் அவளுக்குப் பேய் பிடிக்கும். மேசைக்கு மேசை பென்சில் டப்பா வைத்து, எங்கள் பேனாக்களை எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள். தேடுசொல், தரவுத்தளம் என்று ஒரு மணி நேரம் சொன்ன பிறகு, கடைசியாக ஒன்று சொன்னாள்.

“ஒரு ஆள் இன்னொரு ஆள் சொன்னதா எழுதியிருந்தா, அத அப்படியே எடுத்துப் போடாதீங்க. அந்த இன்னொரு ஆள்கிட்டப் போய்ப் பாருங்க. அவரு வேற ஆளக் காட்டினா அங்கயும் போங்க. முதல் ஆளக் கண்டுபிடிக்கும் வரைக்கும் விடாதீங்க.”

இருபது ஆசிரியர்கள் தலையாட்டிவிட்டுத் தேநீருக்குப் போனார்கள். நான் போகவில்லை. எனக்கு வேண்டியது சான்று. சரி, சான்றையே தேடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கிடைத்தது மூன்று வருடத்துக்கு முந்திய ஓர் ஆங்கிலக் கட்டுரை. மலையகப் பெற்றோர் கல்வியில் பரம்பரையாகவே அக்கறையற்றவர்கள் என்று அதில் இருந்தது. பரம்பரையாகவே! அடிக்குறிப்பு 2009இல் வந்த ஓர் அறிக்கையைக் காட்டியது. அதில் பரம்பரை இல்லை, ‘மலையகத்தில் பரவலாக’ என்றுதான் இருந்தது. அந்த அறிக்கை 2003இல் வந்த ஒரு நூலைக் காட்டியது. அங்கே மலையகம் சுருங்கிப் ‘பதுளை மாவட்டத் தோட்டங்கள் சிலவற்றில்’ என்று ஆகியிருந்தது. அந்த நூல் காட்டியது 1998இல் எழுதப்பட்ட ஒரு முதுமாணி ஆய்வேட்டை. கறுப்பாக வாந்தி எடுத்தவன் காக்கா காக்காவாக வாந்தி எடுத்தான் என்று ஆன கதைதான். நான் அந்தக் கதையைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டு வந்தேன்.

ஆய்வேட்டை றிஸ்னிதான் உள்ளறையிலிருந்து கொண்டுவந்தாள். தட்டச்சில் அடித்து, நீலக் கலிக்கோத் துணி அட்டை கட்டியது. உள்ளட்டையில் பார்வையிடுவோர் கையொப்பம் வைக்கும் தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரே ஒரு கையொப்பம், 1999இல்.

“மூணு பேரு இத வெச்சு எழுதியிருக்காங்கன்னு சொன்னீங்களே மிஸ். இந்த ஒரு பிரதிதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல” என்றாள்.

முதற்பக்கத்தைத் திருப்பினேன். ஆய்வாளர்: மு. கந்தப்பன்.

கை அப்படியே நின்றது. இது தன் ஆய்வேடு என்று சேர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்த பக்கம் சமர்ப்பணம். ‘மலையில் கொழுந்தெடுத்து, என்னை ஆசிரியனாக்கிய அம்மா பெரியாயிக்கு.’ உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குக் கோபம் இறங்கித்தான் போனது. என் அம்மாவும் கொழுந்தெடுக்கிறவள். முதுமாணி முடித்தால் நானும் இதே வரியைத்தான் எழுதியிருப்பேன்.

“பின்னிணைப்பப் பாருங்க. அத ஒருத்தரும் தொறக்கிறதில்ல” என்று றிஸ்னி சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரி. கடைசித் தாள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் மெல்லப் பிரித்தேன். வினாக்கொத்தின் விடைகள் கட்டம் போட்டு அடிக்கப்பட்டிருந்தன. ஒரே தோட்டம், மூன்று லயக் குடியிருப்பு வரிசை, முப்பத்தொரு வீடுகள். ஆய்வு செய்த நாள் செவ்வாய்க்கிழமை. நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு மணி வரை. முப்பத்தொரு வீட்டில் இருபத்தேழில் ‘பெற்றோர் வீட்டில் இல்லை’. பக்கத்திலேயே அடுத்த கட்டம், ‘அக்கறை: குறைவு’. இருபத்தேழு தரம் குறைவு, குறைவு, குறைவு.

வெளியே வந்து மழைச்சாரலில் நின்றுகொண்டு அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். அன்று அவளுக்கு மலையில் வேலை இல்லை.

“அம்மா, செவ்வாக்கெழம காலையில பத்து மணிக்கு நம்ம லயத்துல யாரு இருப்பாங்க?”

“என்னடி கேள்வி இது? புள்ள மடுவத்துல கைக்கொழந்தைகளும் ஆயாம்மாவும் இருப்பாங்க. லயத்துல நாயி இருக்கும். ஏன், யாரும் வர்றாங்களா?”

“இல்லம்மா. சும்மா கேட்டேன்.”

காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுத்தவள் பத்து மணிக்கு வீட்டில் எப்படி இருப்பாள்? இதைக் கண்டுபிடிக்க முதுமாணி வேண்டுமா? நான் பதினோராம் தரம் படித்தபோது பெற்றோர் கூட்டத்துக்கு என் அம்மா மலையிலிருந்து நேரே வந்தாள். இடுப்பில் படங்குச் சாக்கு, கால் நிறைய அட்டைக் கடி. கதவடியில் நின்றே கேட்டுவிட்டு மலைக்கு ஓடினாள். அன்றைக்கு அவளுக்கு அரைநாள் பேர்தான் விழுந்தது, அரைக் கூலிதான். அதை எந்த வினாக்கொத்தும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாக எங்கள் தாய்மார் தலையில் ஏறியிருக்கிற பழி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பூட்டியிருந்த இருபத்தேழு கதவு.

உள்ளே திரும்பிவந்து வரிசை வரிசையாகப் படித்தேன். பதினேழாவதில் விரல் நின்றது.

‘17. பெரியாயி. கொழுந்து பறிப்பவர். பிள்ளைகள் இருவர்: மூத்தவர் ஆசிரியர், இளையவர் தரம் 9. வீட்டில் இல்லை. அக்கறை: குறைவு.’

சமர்ப்பணத்தைத் திருப்பிப் பார்த்தேன். மறுபடி பதினேழைப் பார்த்தேன். ஒரே புத்தகத்தின் முன்பக்கத்தில் அந்தத் தாய் மகனை ஆசிரியனாக்கியிருக்கிறாள். பின்பக்கத்தில் அவளுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இந்த மனுஷன் பெற்ற தாயை மறைத்திருந்தார்.

ஆய்வேட்டை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விரிவுரை முடிந்ததும் சேரிடம் போய், நூலகத்துக்கு ஐந்து நிமிடம் வர முடியுமா என்று கேட்டேன். முன்மொழிவைத் திருத்தியாயிற்றா என்றார். வந்து பாருங்கள் என்றேன். என் குரல் சரியில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் வந்தார். வாசலில் றிஸ்னி அவர் சட்டைப்பையைப் பார்த்தாள். மூத்த விரிவுரையாளரிடம் பேனாவைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

நீலக் கலிக்கோவைக் கண்டதும் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இத எங்க புடிச்சீங்க?”

“சான்று இடச் சொன்னீங்க சேர். தேடிக்கிட்டே போனேன். கடைசியில நீங்கதான் நின்னீங்க.”

“சந்தோசம். அப்ப அதையே போடுங்க. போட்டா நான் இப்பவே கையெழுத்து வைக்கிறேன்.” மெல்லச் சிரித்தார். “உணர்ச்சிவசப்பட்டு ஆய்வு செய்ய ஏலாது யசோதினி. நம்ம சனத்தோட குறையையும் நாமதான் சொல்லணும்.”

இரண்டு இடத்தில் தாள் துண்டு வைத்திருந்தேன். முதலில் சமர்ப்பணத்தைத் திறந்து காட்டினேன். பிறகு பின்னிணைப்பைத் திறந்து, பதினேழாம் வரிசையின் கீழே ஒரு பென்சிலைக் கிடத்தினேன். சேர் படித்தார். அவர் உதடு லேசாக அசைவது தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் படிக்கும்போது அசைவதுபோல.

“ஒரு நாள்தான் லீவு குடுத்தாங்க” என்றார். “ஒரே நாள்ல முடிக்கணும். அதான் எங்க தோட்டத்துக்கே போனேன்.”

“செவ்வாக்கெழம.”

“ஆமா. அளவுகோலு எனக்குக் குடுத்தது. வெளிநாட்டுப் புத்தகத்துல உள்ளது. பெத்தவங்களச் சந்திக்க முடியாட்டி அக்கறை குறைவுன்னு போடணும். அதுல அப்படித்தான் இருந்துச்சு.”

“ஒங்க அம்மா பத்து மணிக்கு எங்க சேர் இருந்தாங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேற்பார்வையாளரிடம் அப்படிக் கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். கோடு வெறுமையாகக் கிடக்கிற முன்மொழிவு என் மடியில்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் அன்று பஸ்ஸில் ஏறி அம்மா முகத்தில் விழித்திருக்க மாட்டேன்.

“மேல் மலையில” என்றார். “எங்க லயத்துக் காம்பரா வாசல்ல நின்னு பாத்தா தெரியும். நான் எழுதிக்கிட்டு நிக்கிறப்ப அம்மா என்னைக் கண்டுட்டுக் கையக் காட்டுச்சு. நானும் காட்டினேன்.”

“அத எழுதலியே சேர்.”

“அதுக்குக் கட்டம் இல்ல.”

நான் முன்மொழிவை எடுத்து மேசையில் வைத்தேன். ‘பெற்றோரின் அக்கறையின்மை’ என்று அவர் கேட்ட இடத்தில் நான் எழுதியிருந்தது வேறு. இந்தக் கூற்று எங்கே தொடங்கியது, எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை கதவு, அதைப் பாராமலே யார் யார் எடுத்தாண்டார்கள் என்று ஒரு பக்கம். உசாத்துணைப் பட்டியலில் அவர் பெயர். “இதப் போட்டுத்தான் குழுவுக்கு அனுப்பணும் சேர். இல்லாட்டி அனுப்ப வேணாம்” என்றேன்.

சேர் அந்தப் பக்கத்தை மெதுவாகப் படித்தார். ஒருமுறை நின்று, திரும்ப மேலிருந்து படித்தார். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அதன் முனை பதினேழாம் வரிசைக்கு மேலே நின்றது.

றிஸ்னி எழும்பி வந்தாள். சத்தம் போடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு டப்பாவிலிருந்து சீவிய பென்சில் ஒன்றை எடுத்து, “இங்க பேனா பாவிக்க ஏலாது சேர்” என்று தாழ்ந்த குரலில் சொல்லி அவர் முன்னால் நீட்டினாள்.

சேர் பேனாவை மூடினார். பென்சிலை வாங்கிக்கொண்டார். ‘வீட்டில் இல்லை’ என்பதற்கும் ‘அக்கறை’ என்பதற்கும் இடையில், ‘மேல் மலையில்’ என்று எழுத, எறும்பு போகிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. அவர் குனிந்து, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.